இதோ வந்துட்டேன் மாஸ்டர்

அந்தத் தையல் கூடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. முகத்துக்கு முன்னால் "மாஸ்டர்". முதுகுக்குப் பின்னால் "இதோ வந்துட்டேன்". யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்று ஒரு குரல் வரும், குரல் வந்து சேர்வதற்குள் ஆளே வந்து நிற்பார். கூப்பிட்டது தன்னைத்தானா என்று பார்க்கிற பழக்கமெல்லாம் கிடையாது. ஒருமுறை தெருவில் போன காய்கறி வண்டிக்காரரை மாடி வீட்டிலிருந்து யாரோ "கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட, இவர் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் போய் நின்றார். நின்றதோடு விட்டாரா, வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இது பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் பெயரைக் கூப்பிட்டாலும் இவர் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்லி, இரண்டு பேருக்கும் சேர்த்து அடி வாங்கியிருக்கிறார். கல்யாணமான புதிதில் மனைவியைச் சினிமாவுக்கு அழைத்துப் போனார். திரையில் கதாநாயகி உருகி உருகி "ஏங்க" என்றாள். இவர் இருட்டில் "என்ன?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. பக்கத்திலிருந்த மனைவிக்கு அன்றைக்கே விஷயம் விளங்கிவிட்டது. இந்த மனிதரின் காது ஊருக்கே பொதுச் சொத்து, அதில் தனக்கென்று ஒரு மூலை கிடைப்பது கஷ்டம் என்று.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எழுதினால் முதல் மெஷின் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். அந்தக் கூடத்தில் வாசலை ஒட்டிய முதல் தையல் மெஷின் அவருடையது, வெட்டின துணி முதலில் அவர் கைக்குத்தான் போகும். மாஸ்டர் வெட்டினதில் என்ன கோளாறு இருந்தாலும் முதலில் தலையில் அடித்துக்கொள்வது அவர்தான். ஆனாலும் ஒன்று சொல்லலாம். மாஸ்டர் ஒரு ஆளை வாசலில் பார்த்த பார்வையிலேயே தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று சொல்லிவிடுவார். கத்தி பிடித்த கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. முதலாளியம்மா வாடிக்கையாளர்களிடம் அவரைக் காட்டி, "எனக்கு எல்லாமே மாஸ்டர்தான், அவரு எனக்கு வலது கை" என்பார். அதைக் கேட்டால் மாஸ்டருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

வினை எங்கே இருந்தது என்றால், வெட்டு மேஜை இருந்த இடத்தில். வெளிச்சம் நன்றாக விழுவது கூடத்தின் நடுவில் என்று மேஜையை அங்கே போட்டிருந்தார்கள். குடிதண்ணீரும் அங்கேதான். பெரிய மின்விசிறியும் அங்கேதான். கழிப்பறைக்குப் போகிற வழியும் அதுதான். ஆக, தாகமெடுத்தவர், வியர்த்தவர், அவசரமானவர் எல்லோரும் மாஸ்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறவர்கள் சும்மா போவார்களா. "மாஸ்டர், மழை வருமா?" "மாஸ்டர், இந்த ஊசி மழுங்கிடுச்சா பாருங்க." மாஸ்டர் எல்லாவற்றுக்கும் நிமிர்வார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். மறுபடி குனியும்போது எங்கே விட்டோம் என்று துணியில் தேடுவார்.

ஒரு பெரிய ஓட்டல், பரிமாறுகிறவர்களுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தது. கரும்பச்சைத் துணி, வெளிப்பக்கம் மினுமினுப்பு, உள்பக்கம் மங்கல். இப்படிப் பெரிய வேலை வந்தால் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக மேஜை நீளத்துக்கு அடுக்கி விரிப்பார்கள். மேலே உள்ள துணியில் அட்டையில் வெட்டின மாதிரியை வைத்து, சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தி மெஷினை ஓட்டினால் மொத்த அடுக்கும் ஒரே வெட்டில் வந்துவிடும். கோட்டின் கைக்கு ஒரே அட்டைதான். ஒரு தடவை வைத்து வரைந்தால் இடது கை. அட்டையைத் திருப்பிப் போட்டு வரைந்தால் வலது கை. இவ்வளவுதான் விஷயம், ஒரு புரட்டு.

மாஸ்டர் இடது கையை வரைந்து முடித்தார். அட்டையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் இஸ்திரிக்காரர் தன் மூலையிலிருந்து குரல் கொடுத்தார்.

"மாஸ்டர், தலைவலிக்கு வெந்நீர் நல்லதா, பச்சத்தண்ணி நல்லதா?"

"இதோ வந்துட்டேன்" என்று அட்டையை வைத்துவிட்டு மாஸ்டர் போனார். வெந்நீர் பற்றி ஒரு அபிப்பிராயம், பச்சைத் தண்ணீர் பற்றி ஒரு அபிப்பிராயம், தன் சித்தப்பாவுக்கு வந்த தலைவலி பற்றி ஒரு கதை. எல்லாம் சொல்லித் திருப்தியாகத் திரும்பி வந்து, அட்டையை இருந்தபடியே எடுத்து, இருந்தபடியே வைத்து, சுற்றி அழகாக ஒரு கோடு போட்டார். கத்தி மெஷின் ஓடியது. வெட்டு அவ்வளவு சுத்தம், பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

மறுநாள் முதல் மெஷின் அக்கா முதல் கோட்டுக்குக் கை ஏற்றினார். இடது கை சரியாக உட்கார்ந்தது. அடுத்த கையை எடுத்தார், பொருந்தவில்லை. இன்னொன்றை எடுத்தார். கட்டுக் கட்டாக எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, மேஜைமேல் அவ்வளவையும் கொட்டினார்.

"மாஸ்டர், இந்த ஓட்டல்ல வேலை பாக்கிறவங்க எல்லாருக்கும் ரெண்டு இடது கையா?"

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடது, இடது, இடது. ஒரு வலது கைகூட மருந்துக்கும் இல்லை.

அங்கே ஓர் ஆள் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதலாளியம்மாவின் தங்கை கணவர். எதற்கெடுத்தாலும் "எனக்கு ஒரு ஐடியா" என்று ஆரம்பிப்பதால் கூடத்தில் அவருக்கு ஐடியா என்றே பெயர். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒரு ஐடியா. இதுல பாதியை உள்பக்கம் வெளியே வர மாதிரி திருப்பிட்டா வலது கை ஆயிடும்ல?"

"ஆயிடும்" என்றார் அக்கா. "ஒரு கை பளபளன்னு இருக்கும், இன்னொரு கை அழுதுவடியும். சாப்பிட வரவங்க என்ன நோயோன்னு எழுந்து ஓடிடுவாங்க."

முதலாளியம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வலது கை வலது கைன்னு ஊரெல்லாம் சொன்னேன். நீங்களும் இடது கையாயிட்டீங்களே மாஸ்டர். வேற துணி வாங்கி வெட்டிக் கொடுத்துடலாம், அதை நான் பாத்துக்கறேன். ஆனா இன்னொரு தடவை இந்த மாதிரி நடந்துச்சுன்னா கத்தியை நம்ம தங்கச்சி வீட்டுக்காரருகிட்ட கொடுத்துடுவேன். அவரும் கத்துக்கிட்டு வந்திருக்காரு, சும்மாதான் உக்காந்திருக்காரு. நீங்க பட்டன் மேஜையில உக்காந்துக்கங்க. அங்க பேசிக்கிட்டே செய்யலாம்."

கடைசி வரிதான் மாஸ்டரைக் குத்தியது. பட்டன் மேஜை என்பது கூடத்தின் கடைசி மூலை. கண் மங்கிய பிறகு, கை ஓய்ந்த பிறகு போகிற இடம். இருபத்தைந்து வயதில் கத்தியைப் பிடித்தவர், அந்தக் கத்தி ஐடியா கையில் ஆடப் போவதை நினைத்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். எதிரே பத்துப் பேர் நின்று கத்தினாலும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனுஷி. நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கணவருக்குத் தட்டு வைத்தார்.

"இதைக் கேளுங்க. இன்னைக்குக் கடைக்கு ஒரு ஆளு வந்தாரு. அவரு கால்ல பாத்தா..."

"மாஸ்டர்!" என்று பக்கத்து வீட்டுக்காரர் வெளியிலிருந்து கூப்பிட்டார். அவர் வீட்டுக் கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லையாம்.

"இதோ வந்துட்டேன்" என்று மாஸ்டர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது சோறு ஆறியிருந்தது, மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கால்ல பாத்தா என்ன என்று மாஸ்டரும் கேட்கவில்லை.

சரி, இனி கண்ணும் கருத்துமாக வேலை பார்ப்பது என்று மாஸ்டர் முடிவு செய்தார். முதலில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். இது எங்கே போய் முடியும் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை. முன்பு காதில் விழுந்ததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது யார் வாய் அசைந்தாலும் தன்னைத்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று பஞ்சை எடுத்து "என்ன, என்ன?" என்றார். முதல் மெஷின் அக்கா கொட்டாவி விட்டதற்குக்கூட எழுந்து போனார்.

அடுத்து மேஜைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. "மாஸ்டர் வெட்டிக்கொண்டிருக்கிறார். கூப்பிடாதீர்கள்." பலகை தொங்கிய அன்றைக்குத்தான் அதிகம் பேர் கூப்பிட்டார்கள். எதுக்கு மாஸ்டர் பலகை, யார் எழுதினது, எழுத்து நல்லா இருக்கே என்று வரிசையாக வந்தார்கள். எழுத்தை மெச்சினவர்களிடம் மாஸ்டர் தானே எழுதினதாகச் சொல்லி, சின்ன வயதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கின கதையையும் சொன்னார். ஐடியா மட்டும் வந்து பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு ஐடியா. 'கூப்பிட வேண்டாம்'னு இருந்தா இன்னும் மரியாதையா இருக்கும்" என்றார். அதைப் பற்றியும் ஒரு விவாதம் நடந்தது.

மூன்றாவதாக மேஜையைப் பின்னால் இருந்த துணி அறைக்கு மாற்றிப் பார்த்தார்கள். கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் வராது. இதற்குத்தானே ஆசைப்பட்டார் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"யாராவது கூப்பிட்டீங்களா?"

"இல்ல மாஸ்டர்."

கதவு சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தது.

"நான் உள்ளதான் இருக்கேன். ஏதாவதுன்னா கூப்பிடுங்க."

அந்த அறைக்குள் மாஸ்டர் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெளிச் சத்தம் நின்றதும் உள்ளே இருந்த சத்தமெல்லாம் கிளம்பி வந்தது. மாமன் மகன் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னானே, அதற்கு அன்றைக்கே இப்படிப் பதில் சொல்லியிருக்கலாமே என்று ஒரு பதில் தோன்றியது. அதை இன்னும் கொஞ்சம் காரமாக்கிப் பார்த்தார். வீட்டு அடுப்பை அணைத்தோமா என்று ஒரு சந்தேகம். அடுப்பைப் பற்ற வைத்ததே மனைவிதான், அது அவர் கவலை. இருந்தாலும் யோசித்தார். கோடு காலருக்குப் போக வேண்டியது, எங்கேயோ போனது. நல்ல வேளை, வெட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டார். ஊரைக் குறை சொன்னோமே, கூப்பிடுகிற ஆள் நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறானே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. மேஜை மறுபடி நடுக்கூடத்துக்கு வந்தது.

விடிவு வந்தது குண்டூசியால். ஒருநாள் துணி நழுவாமல் இருக்கக் குத்துவதற்காக ஒரு பிடி குண்டூசியை எடுத்து, தையல்காரர்கள் செய்கிறபடி உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்திருந்தார். இஸ்திரிக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மாஸ்டர், இந்த வருஷம் வெயில் ஜாஸ்தியா, போன வருஷம் ஜாஸ்தியா?"

வாய் நிறைய ஊசி. திறந்தால் கொட்டும், மூச்சை இழுத்தால் தொண்டைக்குள் போகும். மாஸ்டர் "ம்" என்றுகூடச் சொல்ல முடியாமல் குத்திக்கொண்டே இருந்தார். இஸ்திரிக்காரர் கொஞ்சம் பார்த்தார். பிறகு தானே, "போன வருஷம்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

மாஸ்டர் அசந்துபோனார். கேள்வி கேட்டவருக்குப் பதில் தேவையாகவே இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஓடி ஓடிப் பதில் சொன்ன ஒரே பைத்தியக்காரன் தான்தான் என்று தோன்றியது. இன்னொன்றும் கவனித்தார். வாய் போகாததால் மனசும் போகவில்லை. குத்த வேண்டிய இடத்திலேயே நின்றது.

வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னார். மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஊசியை வாயில வச்சுக்கிட்டு, நடுவுல ஒரு தும்மல் வந்தா என்ன ஆகும்? நாளைக்கு நானே உங்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கணுமா?"

பழைய குளிர் கோட்டு ஒன்று அலமாரியில் தொங்கியது. அதிலிருந்து ஒரு பெரிய பட்டனைப் பிய்த்து, கழுவி, கணவர் கையில் வைத்தார். "இதை வச்சுக்கங்க. முழுங்க முடியாது. பேசவும் முடியாது."

பட்டன் மேஜைக்குப் போகாமல் இருப்பதற்காக மாஸ்டர் வாயில் பட்டன் வைத்துக்கொண்ட கதை இதுதான். கூடத்தில் சிரிக்காதவர் இல்லை. அவர் சட்டை செய்யவில்லை. முதலில் ஒரு காலரை வரைந்து முடிக்கிற வரைக்கும் பட்டனை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அதற்கே முதல் நாள் வேர்த்துக் கொட்டியது. "மாஸ்டர்" என்ற சத்தம் கேட்டதும் கழுத்து தானாகத் திரும்பும், நாக்கு பட்டனில் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு காலரும் கையும். பிறகு ஒரு முழுக் கோட்டு. மனசு நடுவில் மாமன் மகனிடம் ஓடினால் பட்டனை ஒருமுறை பல்லால் அழுத்துவார், ஓடினது திரும்பி வரும். ஓடும், வரும். திட்டினால் இன்னும் தூரமாக ஓடுகிறது என்று கண்டுகொண்டு, திட்டுவதை நிறுத்தினார்.

இதில் இஸ்திரிக்காரருக்குத்தான் வருத்தம். "வர வர மாஸ்டருக்குத் தலைக்கனம்" என்று நாலு பேரிடம் சொன்னார். அது மாஸ்டர் காதுக்கும் வந்தது. சாப்பாட்டு வேளையில் பட்டனைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடமே போய் உட்கார்ந்து, தலைவலி, வெயில், சித்தப்பா எல்லாவற்றையும் ஆற அமரப் பேசினார். பேச்சும் முன்னைவிட ருசித்தது. இஸ்திரிக்காரர் சமாதானமாகிவிட்டார்.

அந்த ஓட்டலே மறுபடியும் ஒரு வேலை கொடுத்தது. வாசலில் நிற்கிற காவலாளிகளுக்குக் கோட்டு. இந்த முறை துணியை அவர்களே அனுப்பினார்கள். பட்டை பட்டையாகக் கோடு போட்ட துணி. தோளில் இறங்குகிற கோடு கையில் ஏறுகிற கோட்டோடு சேர வேண்டும். அந்தத் துணி நெய்வதை மில்லில் நிறுத்திவிட்டார்கள், இருந்ததே இவ்வளவுதான். பிசகினால் போட்டுக்கொள்ள ஒரு முழம்கூட மிச்சம் கிடையாது.

முதலாளியம்மா துணியைத் தடவிப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்தார். "மாஸ்டர், நம்பிக் கொடுக்கிறேன்" என்றார். ஐடியா அன்று புதுச் சாக்குக்கட்டி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எதற்கும் தயாராக இருக்கலாமே என்று.

வெட்டுகிற அன்று மாஸ்டர் விடிந்ததும் எழுந்தார். இரண்டு தடவை குளிக்கப் போனார். எதையோ எடுத்தார், எதையோ வைத்தார், அரக்கப் பரக்கக் கிளம்பிப் போனார். அவர் போன பிறகு மனைவி அடுப்படிக்கு வந்தால், காபி டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது பட்டன்.

அந்த மனுஷிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த நாள் மறந்தாலும் இன்றைக்கு மறக்கலாமா. மருந்துக் கடைக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பட்டனை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினார். வழியெல்லாம் மனசுக்குள் அந்த இஸ்திரிக்காரரைத் திட்டிக்கொண்டே போனார்.

கூடத்துக்குள் நுழைந்தபோது மாஸ்டர் மேஜைமேல் குனிந்திருந்தார். அடுக்கு விரித்தாகிவிட்டது. கையில் அட்டை. மனைவி வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏங்க."

மாஸ்டர் திரும்பவில்லை.

கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கூப்பிட்டு மாஸ்டர் திரும்பாததை அங்கே யாரும் பார்த்ததில்லை. அதுவும் சொந்த மனைவி கூப்பிட்டு.

"ஏங்க, உங்களைத்தான்."

கோடு போய்க்கொண்டிருந்தது. பட்டை பட்டையாக, ஒரு நூல் பிசகாமல். மனைவி பக்கத்தில் போய் அவர் வாயைப் பார்த்தார். குண்டூசி இல்லை. பட்டன் தன் முந்தானையில் இருக்கிறது. வாய் வெறுமனே, தூங்குகிற குழந்தை வாய் மாதிரி கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு ஈ வந்து கீழுதட்டில் உட்கார்ந்து, யோசித்துவிட்டுப் போனது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"மாஸ்டர், மழை வருது" என்றார் இஸ்திரிக்காரர், ஒரு பரீட்சைக்காக. ஒன்றும் நடக்கவில்லை. ஐடியா நாற்காலியிலிருந்து எழுந்து, "எனக்கு ஒரு..." என்று ஆரம்பித்தார். முதலாளியம்மா விரலை உதட்டில் வைத்துக்காட்டினார். ஐடியா உட்கார்ந்துவிட்டார்.

மனைவி அந்தப் பட்டனை முடிச்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சந்தோஷம்தான். ஆனால் இந்த மனிதர் இப்படி ஒன்றைப் பார்த்து அவர் பார்த்ததில்லை. அந்தத் துணிமேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

கத்தி மெஷின் ஓடி நின்றது. மாஸ்டர் நிமிர்ந்தார். கிணற்றிலிருந்து ஏறி வந்தவர்போலச் சுற்றிப் பார்த்தார். கூடம் முழுக்கத் தன்னையே பார்க்கிறது, நடுவில் மனைவி நிற்கிறார்.

"நீ எப்ப வந்த? யாராவது கூப்பிட்டீங்களா?"

மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பட்டனை நீட்டினார். மாஸ்டர் அதைப் பார்த்தார். கை தானாக வாய்க்குப் போனது. வாயில் ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம்தான் அவருக்கு வேர்த்தது. பட்டன் இல்லாமலா வெட்டினோம். அப்படியென்றால் அட்டையைத் திருப்பினோமா? யோசித்துப் பார்த்தார். திருப்பினதாக ஞாபகமே இல்லை. வரைந்தது ஞாபகம் இருக்கிறது, கோடு கோட்டோடு சேர்ந்தது ஞாபகம் இருக்கிறது, அந்த ஒரு புரட்டு மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"அக்கா" என்றார் முதல் மெஷின் அக்காவைப் பார்த்து. "கொஞ்சம் பாருங்களேன்."

அக்கா எழுந்து வந்தார். அந்த அம்மாளுக்கு எதையும் அவசரமாகச் செய்யத் தெரியாது. ஒரு கட்டிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் இடது தோளில் வைத்துப் பார்த்தார். இன்னொரு கட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். அதையும் இடது தோளுக்கே கொண்டுபோனார். பொருந்தவில்லை. திருப்பிப் பார்த்தார். பிறகு வலது தோளில் வைத்தார்.

"வலதுதான்" என்றார். "நல்ல வலது."

மாஸ்டர் நாற்காலி தேடி உட்கார்ந்தார். அகப்பட்டது ஐடியாவின் நாற்காலி. ஐடியா நின்றுகொண்டே, பையிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து முதல் மெஷின் அக்காவிடம் கொடுத்தார், "உங்களுக்கு உதவும்" என்று. முதலாளியம்மா மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்தது ஒரு ஆஸ்பத்திரிக் கோட்டு வேலை வந்திருக்கு மாஸ்டர். அதையும் நீங்களே வெட்டிடுங்க" என்றார். அன்றைக்கும் மாஸ்டருக்குச் சாப்பாடே வேண்டாம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தெருவே தன்னைப் பார்த்துப் பெருமைப்படுவதாக மாஸ்டருக்கு ஒரு நினைப்பு. மனைவி தட்டு வைத்தார். முகம் சரியில்லை. பட்டனை அலமாரிமேல் வைத்துவிட்டு ஏதோ பேசப்போகிற மாதிரி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களை ரெண்டு தடவை கூப்பிட்டேன் இன்னைக்கு."

"சொன்னாங்க. சத்தியமா காதுல விழலை."

"தெரியும். அதான் சொல்றேன். அந்தத் துணியைப் பாத்தீங்களே ஒரு பார்வை, அப்படி என்னை என்னைக்காவது பாத்திருக்கீங்களா? நான் ஒரு விஷயத்தை எத்தனை மாசமா சொல்ல வரேன், தெரியுமா உங்களுக்கு? 'கால்ல பாத்தா'ன்னு ஆரம்பிப்பேன். எவனாவது கூப்பிடுவான். நீங்க எழுந்துடுவீங்க."

மாஸ்டர் எழுந்து போய் அலமாரிமேல் இருந்த பட்டனை எடுத்து வந்து, வாயில் வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து, சொல்லு என்று கையைக் காட்டினார். மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. கையை நீட்டி அந்தப் பட்டனைப் பிடுங்கினார்.

"அது இல்லாமக் கேளுங்க."

மாஸ்டர் கேட்டார்.

"அன்னைக்கு, அந்த இடது கை நடந்துச்சே அன்னைக்கு, கடைக்கு ஒரு ஆளு வந்தாரு. பெஞ்சாதிக்கு ஜுரம், மருந்து வேணும்னு அவசரமா வந்தாரு. அவரு கால்ல பாத்தா ரெண்டும் இடது செருப்பு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சிவப்பு. ஏங்க, கால் வலிக்கலையான்னு கேட்டேன். குனிஞ்சு பாத்தாரு. அப்பதான் அவருக்கே தெரியுது. 'அவ நல்லா இருந்தா எதைப் போட்டுக்கிட்டும் நடந்துடுவேம்மா'ன்னுட்டுப் போயிட்டாரு. நீங்க அன்னைக்கு வந்து இடது கையைச் சொன்னதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. சொன்னா நீங்க கொஞ்சம் சிரிப்பீங்க, மனசு லேசாகும்னு நினைச்சேன். அவ்வளவுதான். பெரிய விஷயமெல்லாம் இல்ல."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அந்த நாளில் தனக்காக இந்த வீட்டில் ஒரு ஆறுதல் தட்டோடு எடுத்து வைக்கப்பட்டிருந்தது, தான் பக்கத்து வீட்டுக் கதவைப் பார்க்கப் போய்விட்டோம் என்று நினைத்தார். மனசு வலித்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மாஸ்டர்!" என்று வெளியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "மாஸ்டர், ஒரு நிமிஷம்!"

மனைவி பழக்கத்தில் தட்டை மூட மூடியை எடுத்தார். மாஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஆளு பெஞ்சாதிக்கு அப்புறம் ஜுரம் விட்டுச்சா?" என்று கேட்டார்.

மனைவி கையில் மூடியோடு அவரையே பார்த்தார். "யாரோ கூப்பிடறாங்க" என்றார்.

"கூப்பிடட்டும். நீ சொல்லு."